காலனி இல்லை, புரதம் கரையவில்லை: ஆய்வை விட்டுவிடலாமா?

கேள்வி: உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. ஒரு நொதியின் ஜீனை (900 பேஸ்பேர்) பெட்-28ஏ பிளாஸ்மிடில் (ஜீனைச் சுமந்து செல்லும் வளைய டிஎன்ஏ) குளோன் செய்து, ஈ.கோலை பாக்டீரியாவில் புரதமாக எடுத்து, அதன் வினைவேகத்தை அளப்பது என் வேலை. முதல் நான்கு மாதம் குளோனிங்கிலேயே போனது. ஒரு தடவை தட்டில் காலனியே (பாக்டீரியாத் திட்டு) இருக்காது. அடுத்த தடவை தட்டு நிறைய இருக்கும், எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெற்று பிளாஸ்மிட். ஒருவழியாக ஒரே ஒரு குளோன் கிடைத்தது. இப்போது புரதம் முழுக்க, செல்லை உடைத்துச் சுழற்றினால் அடியில் படியும் பெல்லட்டில் போய்விடுகிறது. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நெறியாளர் "ட்ரபிள்ஷூட் பண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நான்கு மாதத்தில் தகுதித் தேர்வு வருகிறது. முதுகலையில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். எனக்கு இந்த வேலையே வராதோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விடுவதா தொடர்வதா என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் குளோனிங் எந்தக் கட்டத்தில் நின்றது என்ற தகவல் கடிதத்தில் இல்லை. உங்களிடமும் இல்லை என்றே நினைக்கிறேன். அது தெரியாமல் உங்கள் திறமையைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

"எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்" என்ற வரிதான் என்னை உறுத்தியது. செல்லை மாற்றி, லைகேஸை (டிஎன்ஏத் துண்டுகளை ஒட்டும் நொதி) மாற்றி, இன்செர்ட்டின் (செருகும் ஜீன் துண்டு) அளவையும் கூட்டி ஒரே நாளில் லிகேஷன் (அந்த ஒட்டும் வினை) போட்டால், காலனி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் மூன்றில் எது கெடுத்தது என்றும் தெரியாது. முதுகலை ஆய்வகப் பயிற்சியில் செய்த சோதனைகள் எல்லாம் யாரோ ஏற்கெனவே பலமுறை செய்து, அளவுகளைச் சரிபார்த்து, வேலை செய்யும் என்று உறுதியான பிறகு உங்கள் மேசைக்கு வந்தவை. ஆய்வில் அந்த முன்வேலையும் உங்களுடையது. தோற்றால் எந்த இடத்தில் தோற்றது என்று சோதனையே காட்டிக்கொடுக்கும்படி அதை அமைக்கப் பழகுவதுதான் முதல் இரண்டு ஆண்டுகளின் பாடம். "ட்ரபிள்ஷூட் பண்ணு" என்றால் அதுதான். ஆனால் அதை ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் புரியாது. விரித்தே சொல்கிறேன்.

குளோனிங்கை முதலில் எடுப்போம். அது முடிந்துவிட்டதாக நீங்கள் நினைத்தாலும், இனி வரும் ஆண்டுகளில் மியூட்டன்ட்கள், துண்டு வடிவங்கள் என்று இதே வேலையைப் பலமுறை செய்யப் போகிறீர்கள்.

ஒவ்வொரு லிகேஷனுடனும் ஐந்து தட்டு போடுங்கள். முதல் தட்டில் டிஎன்ஏ எதுவும் சேர்க்காத செல். இரண்டாவதில் வெட்டாத பெட்-28ஏ, 100 பிக்கோகிராம். மூன்றாவதில் வெட்டிய வெக்டர் (ஜீனைச் செருகப் போகும் பிளாஸ்மிட்) மட்டும், லைகேஸ் இல்லாமல். நான்காவதில் வெட்டிய வெக்டரும் லைகேஸும், இன்செர்ட் இல்லாமல். ஐந்தாவதுதான் உங்கள் உண்மையான லிகேஷன். ஐந்துக்கும் ஒரே நாள், ஒரே தொகுதி செல், ஒரே கனாமைசின் (பிளாஸ்மிட் ஏறாத செல்லைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்) தட்டு.

இப்போது தட்டுகளைப் படிக்கலாம். முதல் தட்டில் காலனி வந்தால் கனாமைசின் வேலை செய்யவில்லை, அல்லது செல்லில் ஏற்கெனவே வேறு பிளாஸ்மிட் கலந்திருக்கிறது. கனாமைசின் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். இரண்டாவதில் காலனி இல்லையென்றால் லிகேஷனைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். செல்தான் செத்திருக்கிறது, அல்லது டிரான்ஸ்ஃபர்மேஷன் (செல்லுக்குள் டிஎன்ஏ ஏற்றும்) முறையில் கோளாறு. மூன்றாவதில் வருபவை அனைத்தும் என்சைம் வெட்டாமல் விட்ட பிளாஸ்மிட். நான்காவதில் மூன்றாவதைவிட எவ்வளவு கூடுதலாக வருகிறதோ, அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்ட வெக்டர். ஐந்தாவதில் நான்காவதைவிடப் பல மடங்கு இருந்தால்தான் அதிலிருந்து காலனி எடுப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இருபது காலனி எடுத்து மினிப்ரெப் (பிளாஸ்மிடைப் பிரித்தெடுப்பது) செய்து பார்க்காதீர்கள். நான்கு மாதம் எங்கே போயிருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் இந்த மினிப்ரெப்களில்தான் போயிருக்கும் என்பேன்.

இரண்டாவது தட்டை எண்ணிக் கணக்கிடவும் வேண்டும். 100 பிக்கோகிராம் டிஎன்ஏவை 50 மைக்ரோலிட்டர் செல்லில் சேர்த்து, கடைசியில் 1 மில்லிலிட்டராக ஆக்கி, அதில் 100 மைக்ரோலிட்டர் பரப்பினால் தட்டில் இருப்பது 10 பிக்கோகிராம். 200 காலனி வந்தால் ஒரு மைக்ரோகிராமுக்கு 2 கோடி. லிகேஷனுக்கு இது போதும். பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தால் அந்தத் தொகுதி செல்லை வெட்டாத பிளாஸ்மிடை ஏற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிவந்தால், செல் எந்த வாரம் கெட்டுப்போனது என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல முடியும்.

கனாமைசினில் ஒரு நுட்பம் இருக்கிறது. 42 டிகிரி வெப்ப அதிர்ச்சிக்குப் பிறகு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆன்டிபயாட்டிக் இல்லாத ஊடகத்தில் குலுக்கியே தீர வேண்டும். கனாமைசின் ரைபோசோமைத் தாக்குவது. அதை முறிக்கும் நொதியைச் செல் முன்கூட்டியே செய்து வைத்திருக்காவிட்டால், பிறகு அந்த நொதியைச் செய்யவே முடியாது. ஆம்பிசிலின் பிளாஸ்மிட் வைத்திருப்பவர்கள் இந்த நேரத்தைச் சுருக்கினாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் சுருக்கினால் தட்டு வெறுமையாகத்தான் இருக்கும்.

"தட்டு நிறையக் காலனி, எல்லாம் வெற்று பிளாஸ்மிட்" என்றதற்கு வருகிறேன். பெட்-28ஏ வரைபடத்தைத் திறந்து என்டிஇ-1, எக்ஸ்எச்ஓ-1 என்சைம்களின் வெட்டுமிடங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 பேஸ்பேர்தான். பிளாஸ்மிட் 5,369 பேஸ்பேர். இரண்டு என்சைமும் வெட்டிய துண்டும், ஒன்று மட்டும் வெட்டிய துண்டும் ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் ஒரே இடத்தில்தான் நிற்கும். கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் வெட்டியிருந்தால் அதன் இரு முனைகளும் பொருந்தும், லைகேஸ் உடனே மூடிவிடும். ஆகவே ஒவ்வொரு என்சைமையும் தனித்தனிக் குழாயில் வைத்து, வளைய பிளாஸ்மிட் நேர்த்துண்டாக முழுமையாக மாறுகிறதா என்று ஜெல்லில் பார்த்துவிடுங்கள். எது மந்தமாக வெட்டுகிறது என்று தெரிந்துவிடும். என்சைம் கிளிசராலில் கரைந்து வருகிறது. மொத்தக் கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் சில என்சைம்கள் தப்பான இடங்களிலும் வெட்டத் தொடங்கும். "நன்றாக வெட்டட்டும்" என்று என்சைமை அள்ளி ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். வெட்டிய பிறகு வெக்டரின் முனைப் பாஸ்பேட்டை பாஸ்பட்டேஸால் நீக்கிவிட்டால், ஒற்றை வெட்டுத் துண்டுகள் தாமே மூடிக்கொள்வது பெருமளவு குறையும்.

காலனியே வராத நாட்களுக்கு வேறு சந்தேக நபர்கள். ஜெல்லிலிருந்து துண்டை வெட்டும்போது 302 நானோமீட்டர் புறஊதா விளக்கில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? ஒரு நிமிடம்கூட டிஎன்ஏவைச் சேதப்படுத்தி காலனி எண்ணிக்கையைப் பல மடங்கு குறைத்துவிடும். நீல ஒளி விளக்கு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஓரத்து லேனை மட்டும் வெளிச்சத்தில் பார்த்து அடையாளமிட்டு, மற்றதை இருட்டில் வெட்டுங்கள். அடுத்து, ஜெல் சுத்திகரிப்பு கிட்டில் உள்ள குவானிடின் உப்பு கடைசிவரை கூடவே வந்துவிடும். 260, 230 நானோமீட்டர் உறிஞ்சல்களின் விகிதம் 1-க்கும் கீழே இருந்தால், இன்னொரு முறை கழுவும் பஃபர் ஊற்றி, காலியாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு எடுங்கள். லைகேஸ் பஃபரில் ஏடிபி இருக்கிறது. உறையவைத்து உருக்கி உறையவைத்தால் அது சிதையும். புதுக் குழாய் வந்த அன்றே 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்து, ஒன்றை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். பிசிஆர் பிரைமரில் வெட்டுமிடத்துக்கு வெளியே குறைந்தது ஆறு பேஸ் கூடுதலாக இருக்கிறதா? முனையோடு முனையாக இருந்தால் என்சைம் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்காது.

அளவு: 50 நானோகிராம் வெக்டருக்கு மூன்று மடங்கு மூலக்கூறு இன்செர்ட். உங்கள் இன்செர்ட் 900, வெக்டர் சுமார் 5,400. எனவே ஆறில் ஒரு பங்கு நீளம். 50-ஐ ஆறால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 25 நானோகிராம். மொத்தம் 20 மைக்ரோலிட்டர் கலவை. அதில் 2 முதல் 5 மைக்ரோலிட்டரை 50 மைக்ரோலிட்டர் செல்லுக்குக் கொடுங்கள். முழுவதையும் ஊற்றினால் கூடுதல் காலனி வராது. உப்பும் லைகேஸும் செல்லைக் கெடுக்கும்.

இப்போது கையில் இருக்கும் அந்த ஒரே குளோன். அதை முழு நீளத்துக்கும் சீக்வென்ஸ் செய்தீர்களா? வெட்டிப் பார்த்து 900-இல் ஒரு பேண்ட் வந்தது என்பது போதாது. நான்கு மாதத்தில் ஒன்றே ஒன்று தேறியது என்றால், அந்தப் புரதம் செல்லுக்கு நச்சாக இருந்து, மாற்றம் ஏறிய பிரதி மட்டும் பிழைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு அமினோ அமிலம் தவறானாலும் புரதம் மடங்காமல் பெல்லட்டில் விழலாம். பிறகு நீங்கள் பஃபரை மாற்றி மாற்றி ஒரு வருடம் போராடினாலும் பலன் இருக்காது. கூடவே டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க முனையில் சேர்க்கும் சிறு பகுதி) ஜீனின் வாசிப்புச் சட்டத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். என்டிஇ-1 வழியாகச் செருகினால் முன்முனை ஹிஸ்டிடின் டேக் சேர்ந்து வரும். என்சிஓ-1 வழியாகச் செருகினால் முன்முனை டேக் போய்விடும். பின்முனை டேக் வேண்டுமென்றால் உங்கள் ஜீனின் நிறுத்தக் கோடானை நீக்கியிருக்க வேண்டும். சீக்வென்ஸ் சரியாக வந்த பிறகுதான் புரதத்தைப் பற்றிப் பேசவே வேண்டும்.

அந்தப் பிளாஸ்மிடை டிஎச்5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை வகையில் வைத்துச் சேமியுங்கள், புரதம் எடுக்கும் வகையான பிஎல்21 டிஇ3-இல் சேமிக்காதீர்கள். டிஎச்5 ஆல்ஃபாவில் உங்கள் ஜீனைப் படிக்கும் டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் கிடையாது, ஆகவே ஜீன் அங்கே அடங்கிக் கிடக்கும். பிஎல்21 டிஇ3-இல் ஐபிடிஜி (ஜீனை முடுக்கும் வேதிப்பொருள்) போடாமலேயே புரதம் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு தொந்தரவாக இருந்தால் முதல் நாள் இரவு முழுவதும் விடும் வளர்ப்பில் 1 சதவீதம் குளுக்கோஸ் சேருங்கள். புரதம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக டிரான்ஸ்ஃபர்ம் செய்வது நல்லது.

இனி பெல்லட். உங்கள் புரதம் உண்மையிலேயே கரையாமல் இருக்கிறதா, அல்லது செல்லே உடையவில்லையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மாதக்கணக்கில் அலைபவர்கள் அதிகம். உடையாத செல்லும் சென்ட்ரிஃப்யூஜில் அடியில்தான் போய் உட்காரும், அதோடு உங்கள் புரதமும் போகும்.

இதற்கு விடை நீங்கள் ஏற்கெனவே ஓட்டிய ஜெல்லிலேயே இருக்கலாம். 10 மில்லி வளர்ப்பின் செல்லை 1 மில்லி பஃபரில் கரைத்து, உடைத்த பிறகு 50 மைக்ரோலிட்டர் எடுத்து "மொத்தம்" என்று வையுங்கள். மீதியை 4 டிகிரியில் 12,000 ஜியில் 15 நிமிடம் சுழற்றி மேல்நீரை எடுங்கள். பெல்லட்டை அதே கொள்ளளவு பஃபரில் மறுபடி கலக்குங்கள். மூன்றிலும் சம அளவு எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் எஸ்டிஎஸ் பேஜ் (புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்) ஓட்டுங்கள். பெல்லட் லேனைக் கவனியுங்கள். அதில் உங்கள் 33 கிலோடால்டன் பேண்ட் மட்டும் தடிமனாக, மற்ற பேண்ட்கள் மங்கலாக இருந்தால் அது இன்க்ளூஷன் பாடி (சரியாக மடங்காத புரதம் திரண்ட கட்டி). மாறாக, மொத்தம் லேனில் உள்ள ஈ.கோலைப் புரதங்கள் எல்லாம் மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் பெல்லட்டிலும் இருந்து, மேல்நீர் லேன் வெளிறிக் கிடந்தால், செல் உடையவில்லை. அப்போது செய்ய வேண்டியது சோனிகேஷனை (ஒலி அலையால் செல்லை உடைப்பது) சரிசெய்வது: பனிக்கட்டியில் குழாயைப் புதைத்து, 10 விநாடி ஓட்டி 30 விநாடி நிறுத்தி, கலங்கலாக இருந்த திரவம் தெளிந்து, பிசுபிசுப்பு போகும்வரை. முனையை மேலே தூக்கி நுரை கிளப்பாதீர்கள். நுரையில் புரதம் கெடும். முன்கூட்டியே மில்லிக்கு 1 மில்லிகிராம் லைசோசைம் போட்டு அரை மணி பனியில் வைத்தால் வேலை சுலபம். ஜெல்லில் 14 கிலோடால்டனில் தெரியும் புதிய பேண்ட் அந்த லைசோசைம்தான், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இன்க்ளூஷன் பாடிதான் என்று உறுதியானால், முதலில் தொட வேண்டியது வெப்பநிலை. 37 டிகிரியில் டி7 பாலிமரேஸ் மிக வேகமாக எழுதுகிறது, ரைபோசோம் தள்ளிக்கொண்டே இருக்கிறது; பாதி மடங்கிய சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல்லின் அடர்த்தியைக் காட்டும் ஓ.டி. அளவு 600 நானோமீட்டரில் 0.6 முதல் 0.8 வந்ததும் வளர்ப்பை 18 டிகிரிக்குக் குளிர்வித்து, ஊடகம் உண்மையிலேயே குளிர்ந்த பிறகு ஐபிடிஜி சேர்த்து 16 மணி நேரம் விடுங்கள். இன்குபேட்டர் எண் 18 காட்டினாலும் லிட்டர் குடுவைக்குள் அரை மணிக்கும் மேலாகச் சூடு இருக்கும். ஆகவே சிறிய அளவில் தொடங்குங்கள்: நான்கு குழாய், தலா 10 மில்லி. 37 டிகிரியிலும் 18 டிகிரியிலும், ஐபிடிஜி 0.1 மில்லிமோலார் ஒன்று, 1 மில்லிமோலார் ஒன்று. இந்த நான்கில் எது மாறினால் என்ன ஆகிறது என்பது ஒரே ஜெல்லில் தெரியும். மொத்த உற்பத்தி குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்களுக்கு வேண்டியது மேல்நீரில் உள்ள அளவு.

அதன் பிறகுதான் பஃபர். புரதத்தின் வரிசையிலிருந்து சமமின்னேற்றப் புள்ளியை (அதன் நிகர மின்னேற்றம் பூஜ்ஜியமாகும் பிஎச்) கணக்கிடுங்கள். பஃபரின் பிஎச் அதிலிருந்து குறைந்தது ஒரு அலகு தள்ளி இருக்கட்டும். டிரிஸ் பயன்படுத்துபவர்கள் மறந்துவிடும் ஒன்று: அதன் பிஎச் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 நகரும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்தது குளிரறையில் 8.6-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் புரதத்தின் புள்ளி 8.5 என்றால், வெளியே கரைந்திருந்தது குளிரறையில் கலங்கிப்போகும். தொடக்கத்துக்கு 50 மில்லிமோலார் டிரிஸ், 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 சதவீதம் கிளிசரால், 10 மில்லிமோலார் இமிடசோல் நல்ல கலவை. நொதிக்கு உலோக அயனியோ துணைப்பொருளோ தேவை என்றால் அதையும் சேருங்கள். பல நொதிகள் அது இருந்தால்தான் நிலையாக நிற்கும். ஹிஸ்டிடின் டேக்கைப் பிடிக்கும் நிக்கல் என்டிஏ ரெசினுக்குப் போகும் பஃபரில் இடிடிஏ வேண்டாம், நிக்கலை உருவிவிடும். பிஎம்எஸ்எஃப் (புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பது) சேர்ப்பதானால் செல்லை உடைப்பதற்குச் சற்று முன் சேருங்கள். பிஎச் 8-இல் 25 டிகிரியில் அரை மணி சொச்சத்திலேயே அதில் பாதி சிதைந்துவிடும். காலையில் கலந்து வைத்த பஃபரில் மாலையில் அது இருக்காது.

இதற்கும் மசியவில்லை என்றால் புரதத்தின் இயல்பைக் கேளுங்கள். சிஸ்டீன்கள் தமக்குள் டைசல்ஃபைட் பாலம் போடும் புரதமா? ஈ.கோலையின் சைட்டோப்பிளாசத்தில் அது உருவாகாது; ஷஃபிள், ஆரிகாமி போன்ற வகைச் செல்கள் அதற்காகவே உள்ளன. ஏஜிஜி, ஏஜிஏ, ஏயுஏ போன்ற அரிய கோடான்கள் வரிசையாக இருந்தால் ரோசெட்டா செல்லில் முயலலாம். ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளின் புரத வடிவக் கணிப்பைத் திறந்து, முனைகளில் நம்பிக்கை மதிப்பு 50-க்குக் கீழே உள்ள நீண்ட தொங்கல் இருக்கிறதா பாருங்கள். அதை வெட்டிய இரண்டு மூன்று வடிவங்களைச் சேர்த்தே குளோன் செய்யலாம்.

எம்பிபி (மால்டோஸ் பிணைக்கும் புரதம்) டேக் போட்டால் கரையும் என்று எல்லோரும் சொல்வார்கள். கரையத்தான் செய்யும். ஆனால் உள்ளே உங்கள் புரதம் சரியாக மடங்காமல், எம்பிபியின் தயவில் மிதந்துகொண்டிருக்கவும் கூடும். ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஓட்டி, திரண்ட பெரிய கட்டிகள் முதலில் வெளிவரும் வாய்ட் வால்யூமில் வருகிறதா என்று பார்க்காமல் அதை வைத்து எந்த அளவீடும் செய்யாதீர்கள். 8 மோலார் யூரியாவில் கரைத்துத் திரும்ப மடக்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன். ரைபோநியூக்ளியேஸ் தானாகத் திரும்ப மடங்குவதைக் காட்டிய ஆன்ஃபின்சனுக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது 124 அமினோ அமிலம் கொண்ட, மிக உறுதியான புரதம். உங்கள் 300 அமினோ அமில நொதி அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. வினைவேகம் அளப்பவருக்கு, பத்தில் ஒன்று மட்டும் சரியாக மடங்கிய கலவை பெரிய தலைவலி. அளக்கும் வேகத்தைப் புரதச் செறிவால் வகுக்கும் இடத்தில் அத்தனையும் தப்பாகிவிடும்.

புரதம் கிடைக்கும்வரை அளவீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அளக்கும் முறையை இப்போதே நிலைநிறுத்தலாம். என்ஏடிஎச் வழியாக அளப்பதானால் 340 நானோமீட்டரில் அதன் மோலார் உறிஞ்சல் கெழு 6,220. நிமிடத்துக்கு 0.0622 உறிஞ்சல் குறைந்தால் நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார். துணை நொதிகளோடு இணைத்து அளக்கும் முறையென்றால், இடைப்பொருளை நேரடியாகச் சேர்த்து, துணை நொதிகள் அதை உடனடியாகத் தின்றுவிடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு உங்கள் நொதி வந்ததும், அதை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாக வேண்டும். ஆகாவிட்டால் நீங்கள் அளப்பது உங்கள் நொதியை அல்ல, துணை நொதியின் வேகத்தை. சப்ஸ்ட்ரேட்டில் பத்து சதவீதம் தீர்வதற்குள் உள்ள நேர்க்கோட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள்.

கைவேலையையும் சரிபார்த்துவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1,000 மைக்ரோலிட்டர் நீர் தராசில் 1 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 100 மைக்ரோலிட்டர் 0.1 கிராம். உங்கள் ஒவ்வொரு பிப்பெட்டிலும் பத்து முறை எடுத்து நிறுத்துப் பாருங்கள். எண் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தப்பினால் பிப்பெட் கெட்டது. எண் முன்னும் பின்னும் ஆடினால் கை. மூத்த மாணவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு முழு டிரான்ஸ்ஃபர்மேஷனைச் செய்து காட்டுங்கள். செல்லைப் பனியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே பேசுவது, வெப்ப அதிர்ச்சிக்கு முன் வோர்டெக்ஸ் செய்வது போன்றவை எந்த நெறிமுறைத் தாளிலும் தெரியாது, பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

நோட்டில் "லிகேஷன் போட்டேன், வரவில்லை" என்று எழுதாதீர்கள். செல்லின் தொகுதி எண், என்சைமின் லாட் எண், உருக்கிய பஃபர் எத்தனையாவது, ஐந்து தட்டின் எண்ணிக்கை, அதற்கு உங்கள் பொருள்கோள், அடுத்து மாற்றப் போகும் ஒரே ஒரு விஷயம் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியைச் சோதனை முடிந்த அன்றே எழுத வேண்டும்.

நெறியாளரிடம் "வரவில்லை" என்று போனால் "ட்ரபிள்ஷூட் பண்ணு" என்றுதான் பதில் வரும். அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லையே. ஒரே பக்கத்தில் ஐந்து தட்டின் எண்ணிக்கை, மூன்று லேன் ஜெல்லின் படம், கீழே "எனக்குத் தோன்றும் காரணம் இது, அடுத்து இதைச் செய்யலாம் என்றிருக்கிறேன், சரியா?" என்று எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் கேளுங்கள். அதற்கும் நேரம் தராதவர் என்றால், ஆய்வுக் குழுவில் புரத வேலை தெரிந்த வேறொரு உறுப்பினரிடம் வெளிப்படையாகப் போய்க் கேளுங்கள். அது நெறியாளரை மீறுவதாகாது, குழு இருப்பதே அதற்காகத்தான்.

தகுதித் தேர்வுக்கு வருவோம். புரதம் இல்லாமல் எப்படிப் போவது என்று பயப்படுகிறீர்கள். தேர்வாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது முடிவுகளைக் காட்டிலும் நீங்கள் யோசிக்கும் விதத்தை. முன்மொழிவில் பலர் செய்யும் பிழை, முதல் நோக்கம் வெற்றி பெற்றால்தான் இரண்டாவதும் மூன்றாவதும் நடக்கும்படி எழுதுவது. "தூய புரதம் எடுப்பேன், பிறகு வேகம் அளப்பேன், பிறகு மியூட்டன்ட் செய்வேன்" என்றால், முதல் கேள்வியே "புரதம் வராவிட்டால்?" என்பதுதான். உங்கள் மூன்று நோக்கங்களில் ஒன்றாவது தூய புரதம் இல்லாமல் நிற்கட்டும். உதாரணமாக, அந்த ஜீனை நீக்கிய செல்லில் உங்கள் ஜீனையும் அதன் மியூட்டன்ட்களையும் வைத்து, வளர்ச்சி மீள்கிறதா என்று பார்ப்பது. கரையாமை பற்றிய உங்கள் ஜெல்களை மறைக்காமல் காட்டுங்கள். கன்ட்ரோலோடு காட்டினால் அது பலம்.

தயாரிப்புக்கு 1958-இல் வெளிவந்த மெசல்சன், ஸ்டால் கட்டுரையை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். கனமான நைட்ரஜன்-15-இல் வளர்த்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, சீசியம் குளோரைடு சரிவில் டிஎன்ஏ எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். படத்தை மூடி வைத்துவிட்டு, டிஎன்ஏ இரட்டிப்பதைப் பற்றிய மூன்று கருதுகோளுக்கும் (பழைய இரு இழையும் சேர்ந்தே இருக்கும், ஒரு பழைய இழை ஒரு புதிய இழை, துண்டு துண்டாகக் கலக்கும்) ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தெந்தப் பேண்ட் வர வேண்டும் என்று நீங்களே வரையுங்கள். முதல் தலைமுறையில் நடுவில் ஒரே பேண்ட் வந்ததால் ஒரு கருதுகோள் விழுந்தது. இரண்டாவதில் நடுப் பேண்டும் லேசான பேண்டும் சரிபாதியாக வந்ததால் இன்னொன்று விழுந்தது. உங்கள் முன்மொழிவில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் இதே போல, கருதுகோள் சரியென்றால் வரும் படம், தவறென்றால் வரும் படம், சோதனையே கெட்டிருந்தால் வரும் படம் என மூன்றையும் தாளில் வரைந்து பழகுங்கள். தேர்வில் கரும்பலகை முன் நிற்கும்போது கைக்கு வருவது இதுதான்.

கடைசியாக, விடுவது பற்றி. இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். இந்தப் புரதத்தை விடுவது ஒன்று, படிப்பை விடுவது இன்னொன்று. புரதத்துக்கு ஒரு கெடு வையுங்கள். சீக்வென்ஸ் சரிபார்த்த குளோன், வெப்பநிலை, பஃபர், ஒரு டேக், ஒரு துண்டு வடிவம்: இவ்வளவுக்கும் கன்ட்ரோலோடு மூன்று மாதம் போதும். அதற்குள் மேல்நீரில் எதுவும் வரவில்லை என்றால், வேறொரு உயிரினத்தின் அதே நொதிக்குத் தாவிவிடுங்கள். நெருங்கிய ஹோமோலாக் இரண்டை ஈ.கோலைக்கு ஏற்ற கோடான்களுடன் செயற்கை ஜீனாகவே வரவழைக்கலாம். குளோனிங் தொல்லை பாதி போய்விடும். நெறியாளரிடம் இந்தக் கெடுவை இப்போதே சொல்லி வையுங்கள்.

படிப்பை விடுவது பற்றிய கேள்வியைக் கன்ட்ரோலோடு ஓட்டிய சோதனைகள் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு கேளுங்கள். தட்டு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளிலும் உங்களுக்கு அதில் ஈடுபாடு வரவில்லை, அடுத்த ஜெல்லைப் பார்க்க மனம் வரவில்லை என்றால், அது மதிக்க வேண்டிய காரணம். அப்போது முதுகலை மட்டத்தில் முடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. இப்போதைய களைப்பு அந்தக் காரணம் ஆகாது.

இந்த வாரம் சீக்வென்சிங் அனுப்புங்கள், ஐந்து தட்டும் போடுங்கள், மூன்று லேன் ஜெல்லும் ஓட்டுங்கள். தட்டுகளின் எண்ணிக்கை, ஜெல்லின் படம், புரதத்தின் சமமின்னேற்றப் புள்ளி, அதில் எத்தனை சிஸ்டீன், எந்த உலோகம் தேவை என்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள். அவை இருந்தால் அடுத்த பதிலில் உங்கள் புரதத்தைப் பற்றியே பேசலாம்.